ஓவனுக்குள்ளும் காற்று நுழையும்: ஜிபிஎஸ்ஸோடு பூட்டிய ஆஸிலேட்டரை வெப்பநிலையிடமிருந்து காப்பது எப்படி

ஓவன் வைத்த கிரிஸ்டல் ஆஸிலேட்டர் (சிறிய சூடான கூட்டுக்குள் வைத்த குவார்ட்ஸ் படிகத்தால் சீரான அதிர்வெண் தரும் கருவி) ஒன்றை ஜிபிஎஸ் ரிசீவரின் ஒரு வினாடித் துடிப்போடு பூட்டிவிட்டால், அறை வெப்பநிலையைப் பற்றிக் கவலைப்பட வேண்டியதில்லை என்று பலர் உறுதியாக நம்புகிறார்கள். உள்ளே ஓவன் இருக்கிறது, மேலே செயற்கைக்கோள் இருக்கிறது, இனி என்ன குறை என்பது அவர்கள் கணக்கு. அளவுத்திருத்த அறை ஒன்றில் 10 மெகாஹெர்ட்ஸ் ஆதாரத்தைப் பார்த்துக்கொள்வது என் வேலை. அந்த நம்பிக்கையில் கட்டப்பட்ட கருவிகள்தான் என் மேசைக்கு அதிகம் வருகின்றன.

ஓவனும் செயற்கைக்கோளும் தத்தம் வேலையை ஒழுங்காகவே செய்கின்றன. ஆனால் இரண்டுக்கும் நடுவே ஓர் இடைவெளி இருக்கிறது. சில நிமிடங்கள் முதல் ஓரிரு மணி நேரம் வரை நீளும் வெப்பநிலை ஆட்டம் அந்த இடைவெளி வழியாக உள்ளே வந்துவிடுகிறது. ஆகவே அறை எத்தனை டிகிரியில் இருக்கிறது என்று கேட்பதற்கு முன், அது எவ்வளவு வேகமாக மாறுகிறது என்று கேளுங்கள். கீழே சொல்லும் வேலைகள் எல்லாம் அந்த ஒரு கேள்வியைச் சுற்றியவைதான்.

முதலில் சில எண்கள்

ஒரு நாளில் 86,400 வினாடிகள். அதிர்வெண் 10⁻⁹ அளவு பிசகினால் நாளொன்றுக்கு 86.4 மைக்ரோவினாடி பிசகும். 10⁻¹¹ என்றால் 0.864 மைக்ரோவினாடி. இந்தப் பெருக்கலை மனத்திலேயே செய்யப் பழகிக்கொண்டால் விவரத்தாள்களின் பெருமைப் பேச்சு பாதி கரைந்துவிடும்.

கைக்கடிகாரத்தில் இருக்கும் 32,768 ஹெர்ட்ஸ் கிரிஸ்டல் 25 டிகிரிக்கு அருகே உச்சத்தில் இருக்கும். அங்கிருந்து எந்தப் பக்கம் நகர்ந்தாலும் மெதுவாகும். வெயிலானாலும் குளிரானாலும் இழப்புத்தான். இழப்பு, டிகிரி வித்தியாசத்தின் வர்க்கத்தை 0.034-ஆல் பெருக்கினால் வரும் தொகை, பத்து லட்சத்தில் அத்தனை பங்கு. பத்து டிகிரி விலகினால் 3.4 பங்கு, அதாவது நாளொன்றுக்கு ஏறக்குறைய 0.3 வினாடி.

ரேடியோக் கருவிகளில் வரும் ஏடி வெட்டு 1934-இல் வந்தது. குவார்ட்ஸை ஏறக்குறைய 35 டிகிரி 15 நிமிடக் கோணத்தில் அறுத்தால் வெப்பநிலைக் கோடு வளைந்து, அறை வெப்பநிலைக்கு அருகே தட்டையாகிவிடுகிறது. நல்ல ஓவன் ஆஸிலேட்டர்களில் இருப்பது 1970-களில் வந்த எஸ்சி வெட்டு. அதன் திரும்புமுனை (வெப்பநிலைக் கோடு தட்டையாகும் இடம்) 80 முதல் 90 டிகிரி அளவில் அமைவதால் ஓவனுக்கு வசதி. சூடு திடீரென்று மாறும்போது படிகத்துக்குள் எழும் இறுக்கத்தை ஏடி பெரிதாகக் காட்டிக்கொடுக்கும். எஸ்சி பெரும்பாலும் பொறுத்துக்கொள்ளும். இந்த வித்தியாசம் பின்னால் சோதனையில் கைகொடுக்கும்.

இனி வரும் கணக்குகளுக்கு ஓர் உதாரண ஆஸிலேட்டரை வைத்துக்கொள்வோம். 12 வோல்ட்டில் ஓடுகிறது. 25 டிகிரி அறையில் 200 மில்லிஆம்பியர் எடுக்கிறது. ஓவன் 80 டிகிரியில் நிற்கிறது. அதிர்வெண்ணைத் திருத்தும் கட்டுப்பாட்டு மின்னழுத்தத்தை 0 முதல் 5 வோல்ட் வரை நகர்த்தினால் அதிர்வெண் மொத்தம் 10⁻⁶ நகர்கிறது, அதாவது ஒரு மில்லிவோல்ட்டுக்கு 2×10⁻¹⁰. உங்களுடையதற்கு இந்த எண்கள் வேறாக இருக்கும். கட்டுப்பாட்டு மின்னழுத்தத்தைக் கொஞ்சம் நகர்த்தி அந்தச் சரிவை நீங்களே அளந்து எழுதிவைத்துக்கொள்ளுங்கள்; அது இல்லாமல் மேலே போக வழியில்லை.

ஏசி எந்திரம் செய்யும் வேலை

அறையின் வெப்பநிலை பகலுக்கும் இரவுக்கும் இடையே ஆறு டிகிரி ஏறி இறங்குகிறது என்று வைத்துக்கொள்வோம். கேட்கவே மோசமாக இருக்கிறது. ஆனால் அந்த ஏற்றம் மிகச் செங்குத்தாக இருக்கும் நேரத்திலும் மணிக்கு முக்கால் டிகிரி அளவுதான். இப்போது குளிர்சாதனம் பொருத்திய அறையை எடுத்துக்கொள்ளுங்கள். கம்ப்ரசர் பதினைந்து நிமிடத்துக்கு ஒரு முறை ஓடி நிற்கிறது. வெப்பநிலை ஒரு டிகிரி மேலே, ஒரு டிகிரி கீழே. திரையில் அழகாக 24 என்று காட்டும். அதன் சரிவைக் கணக்கிட்டால் உச்சத்தில் மணிக்கு 25 டிகிரி வேகம்! குளிர்சாதனமே இல்லாத அறையைப் போல முப்பது மடங்குக்கும் மேல்.

இந்தப் பதினைந்து நிமிட அலையை ரிசீவரால் திருத்த முடியாது. ஒவ்வொரு வினாடித் துடிப்பும் பத்து நானோவினாடி அளவு முன்பின் தள்ளாடும். ஒரு வினாடியில் அது 10⁻⁸; ஆயிரம் வினாடி காத்திருந்தால்தான் 10⁻¹¹ அளவுக்குத் தெளியும். நல்ல ஓவன் ஆஸிலேட்டர் ஒரு வினாடியிலேயே 10⁻¹² அளவுக்குச் சீராக இருக்கும். ஆகவே பூட்டு வளையத்தின் (துடிப்போடு ஒப்பிட்டு ஆஸிலேட்டரைத் திருத்தும் அமைப்பின்) கால மாறிலியை, அதாவது அது திருத்த எடுக்கும் நேரத்தை, ஆயிரம் வினாடிக்கு அருகே வைப்பது வழக்கம். அதைவிட வேகமாக நடப்பதற்கெல்லாம் ஆஸிலேட்டர்தான் பொறுப்பு. 900 வினாடிச் சுழற்சி சரியாக அந்த எல்லைக்கோட்டின் மேல் வந்து உட்காருகிறது. டேவிட் ஆலன் 1966-இல் தந்த விலகல் அளவை (ஒவ்வொரு கால அளவிலும் அதிர்வெண் எவ்வளவு தள்ளாடுகிறது என்று காட்டுவது) வரைபடமாகப் போட்டால், சுழற்சிக் காலத்தின் பாதிக்குச் சற்றுக் கீழே ஒரு திமில் எழும்பி நிற்பதைக் காணலாம். திமில் 300, 400 வினாடி அருகே தெரிந்தால், ஆஸிலேட்டரைக் கழற்றுவதற்கு முன் ஏசியின் அருகே நின்று கம்ப்ரசர் எத்தனை நிமிடத்துக்கு ஒரு முறை ஓடுகிறது என்று பாருங்கள்.

அளப்பது

ஆஸிலேட்டரை இயக்கிய அன்றே அளக்காதீர்கள். ஓவன் சில நிமிடங்களில் சூடாகிவிடும். படிகம் அடங்க நாள்கள் ஆகும். அணைத்துப் போட்டால் பழைய அதிர்வெண்ணுக்கே திரும்பி வராது. ஒரு வாரமாவது இடைவிடாமல் ஓடட்டும். அந்த வாரத்தில் அதைத் திருப்பி வைக்கவும் கூடாது. சாதாரண படிகத்தின் ஈர்ப்பு உணர்வு ஒரு 'ஜி'க்கு (புவியீர்ப்பின் அளவுக்கு) 10⁻⁹ அளவு இருப்பதால், பெட்டியைத் தலைகீழாக்கினாலே 2×10⁻⁹ போய்விடும். வெப்பநிலைக்காக நாம் தேடுவது அதில் நூற்றில் ஒரு பங்கு.

வெப்பநிலை உணரிகள் மூன்று வேண்டும். ஒன்று அறைக் காற்றில், கருவியின் சூடு படாத தூரத்தில். ஒன்று ஆஸிலேட்டர் பொருத்திய அலுமினியத் தகட்டில். இன்னொன்று ரெகுலேட்டர் அருகே. ஆஸிலேட்டரின் தலையில் ஒட்டாதீர்கள். அங்கே ஓவனின் கசிவையும் அறைக் காற்றையும் கலந்து அளப்பீர்கள், எதுவென்று பிரிக்க முடியாது. எளிதாகக் கிடைக்கும் டிஜிட்டல் உணரியின் மிகச் சிறிய படி 0.0625 டிகிரி. அறைக்கு அது போதும். தகட்டுக்குப் போதாது, அங்கே நாம் பார்க்கப்போகும் ஆட்டமே சில நூறில் ஒரு டிகிரிதான். பத்து கிலோஓம் தெர்மிஸ்டர் ஒரு டிகிரிக்கு ஏறக்குறைய நான்கு சதவீதம் மாறும். நல்ல அனலாக்-டிஜிட்டல் மாற்றி ஒன்றோடு இணைத்தால் ஆயிரத்தில் ஒரு டிகிரியைக் காட்டும். உண்மையான டிகிரி எவ்வளவு என்பதில் அது அரை டிகிரி பொய் சொன்னாலும் கவலையில்லை. நமக்கு வேண்டியது மாற்றம் மட்டுமே.

பத்து வினாடிக்கு ஒரு முறை மூன்று வெப்பநிலைகளையும், கட்டுப்பாட்டு மின்னழுத்தத்தையும், துடிப்புக்கும் ஆஸிலேட்டருக்கும் இடையிலான நேர வித்தியாசத்தையும், ஓவன் எடுக்கும் மின்னோட்டத்தையும் பதிவு செய்யுங்கள். மின்னோட்டத்தைப் பெரும்பாலோர் விட்டுவிடுகிறார்கள். எனக்கு அதுதான் முதல் சாட்சி.

பூட்டு விழுந்த நிலையில் அதிர்வெண் நகராது. அதை நகராமல் பிடித்து வைக்கும் மின்னழுத்தம்தான் நகரும். ஆகவே கட்டுப்பாட்டு மின்னழுத்தக் கோட்டைத் தலைகீழாகப் பார்த்தால் ஆஸிலேட்டரின் வெப்பநிலைக் குணம் தெரிந்துவிடும். சில நாள் பதிவை எடுத்து, நேர்கோட்டு மூப்பு (நாள்பட அதிர்வெண் மெல்ல நகர்வது) ஒன்று, தகட்டு வெப்பநிலைக்கு விகிதமான பகுதி ஒன்று என்று பொருத்திப் பாருங்கள். வெப்பநிலையை அப்படியே வைத்துப் பொருத்தினால் பொருந்தாது. சூடு உள்ளே போக நேரம் எடுக்கும். வெப்பநிலைக் கோட்டை ஐந்து ஐந்து நிமிடமாகத் தள்ளித் தள்ளி, எங்கே ஒட்டிப்போகிறதோ அதுதான் தாமதம். ஒரு டிகிரிக்கு 40 மைக்ரோவோல்ட் என்று கிடைத்தால், நம் உதாரண ஆஸிலேட்டருக்கு அது 8×10⁻¹². இந்த எண்ணைப் பெட்டியின் மேல் எழுதி ஒட்டுங்கள்.

பதிவில் தெரியும் எல்லா அலையும் வெப்பநிலை ஆகிவிடாது. ஜிபிஎஸ் செயற்கைக்கோள்கள் தரையிலிருந்து பார்க்கும்போது ஏறக்குறைய 23 மணி 56 நிமிடத்துக்கு ஒரு முறை அதே இடத்துக்கு வருகின்றன. சுவரிலும் தகரத்திலும் பட்டுத் தெறித்து வரும் சமிக்ஞையால் எழும் நெளிவு, நாளுக்கு நான்கு நிமிடம் முன்னதாக வரும். ஒரு வாரத்தில் அரை மணி நேரம் நகர்ந்திருக்கும். வெப்பநிலை சூரியனையும் அலுவலக நேரத்தையும் பிடித்துக்கொண்டு அதே மணிக்கு வரும். இரண்டு திங்கட்கிழமைகளின் கோடுகளை ஒன்றன் மேல் ஒன்று போட்டால் எது எதுவென்று பிரிந்துவிடும்.

சமிக்ஞையைத் தாமதப்படுத்தும் மேல் வளிமண்டல அடுக்கான அயனமண்டலம் மட்டும் ஏமாற்றும். அதன் தாமதமும் சூரியக் கணக்குப்படிதான், உள்ளூர் நேரம் பிற்பகல் இரண்டு மணி அளவில் உச்சம். ஒற்றை அதிர்வெண் ரிசீவர் பயன்படுத்தும், செயற்கைக்கோள் ஒலிபரப்பும் கணித மாதிரி அதில் பாதி அளவுதான் கழிக்கும். மதியம் எழும் மேடு அறையினுடையதா வானத்தினுடையதா என்ற ஐயம் வந்தால், கருவியைச் சுற்றி வெப்பநிலையை ஒரு நாள் செயற்கையாகத் தட்டையாக்கிப் பாருங்கள். மேடு அப்படியே இருந்தால் அது வானம். இரட்டை அதிர்வெண் ரிசீவர் வாங்குவதுதான் அதற்கு மருந்து. பெட்டி கட்டிப் பயனில்லை.

சூடு காட்டிக் குற்றவாளியைப் பிடிப்பது

வானிலை மாறக் காத்திருப்பது எனக்குப் பிடிக்காது. கருவியை ஒரு பெரிய அட்டைப் பெட்டிக்குள் வைத்து, ஒரு மின்தடைச் சூடேற்றியையும் உள்ளே வையுங்கள். வெப்பநிலையை ஐந்து டிகிரி உயர்த்தி மூன்று மணி நேரம் பிடியுங்கள். அணைத்து மூன்று மணி நேரம் விடுங்கள். இப்படியே மாற்றி மாற்றி. மேலும் கீழும் சமமாகப் போய்வருவதால் மூப்பு தானாகக் கழிந்துவிடும். மின்விசிறி வேண்டாம், அது தன் பங்குக்கு வேறு கதை சொல்லும்.

இந்தச் சோதனையில் கட்டுப்பாட்டு மின்னழுத்தம் எவ்வளவு நகர்ந்தது என்பதைவிட எப்படி நகர்ந்தது என்பது அதிகம் பேசும். மெதுவாக ஏறி, ஏறிய இடத்திலேயே நின்றால், ஓவன் முழுமையாகத் தடுக்காத உண்மையான வெப்பநிலைக் குணம் அது. முதலில் ஒரு பக்கம் எகிறி, பிறகு பாதிக்கு மேல் திரும்பி வந்தால், படிகத்துக்குள் சூடு சமமில்லாமல் பரவுகிறது. உள்ளே இருப்பது பெரும்பாலும் ஏடி வெட்டு. ஓவன் மின்னோட்டக் கோட்டை அப்படியே நகலெடுத்தது போல, அதே நிமிடத்தில் அதே வளைவோடு நகர்ந்தால் படிகத்தின் மேல் பழி போடாதீர்கள். குற்றவாளி ஒரு துண்டுக் கம்பி.

கம்பி எப்படி இதைச் செய்கிறது என்று பார்ப்போம். அறை பத்து டிகிரி குளிர்ந்தால் ஓவனுக்கும் அறைக்கும் இடையிலான வித்தியாசம் 55-இலிருந்து 65 ஆகிறது. மின்னோட்டமும் அதே விகிதத்தில் 200-இலிருந்து 236 மில்லிஆம்பியர் ஆகிறது. ஆஸிலேட்டரின் கிரவுண்ட் ஊசியிலிருந்து பலகைக்கு வரும் கம்பி அரை மில்லிமீட்டர் விட்டமுள்ள செம்பு, நீளம் 20 சென்டிமீட்டர் என்றால் அதன் மின்தடை ஏறக்குறைய 18 மில்லிஓம். கூடுதலான 36 மில்லிஆம்பியர் அதில் பாயும்போது 0.6 மில்லிவோல்ட்டுக்கு மேல் விழுகிறது. கட்டுப்பாட்டு மின்னழுத்தம் பலகையின் கிரவுண்டைப் பார்த்து 2.500 வோல்ட்டாகவே இருக்கிறது. ஆஸிலேட்டர் தன் சொந்த கிரவுண்டைப் பார்த்து அதில் 0.6 மில்லிவோல்ட் குறைவாகக் காண்கிறது. மில்லிவோல்ட்டுக்கு 2×10⁻¹⁰ என்ற சரிவில் பெருக்கினால் 1.2×10⁻¹⁰. நாம் அளந்த படிகத்தின் குணமோ பத்து டிகிரிக்கு 8×10⁻¹¹. ஆக, விலை உயர்ந்த படிகத்தைவிட மலிவான கம்பி அதிகம் பிசகச் செய்கிறது. அதுவும் வெப்பநிலையின் முகமூடி போட்டுக்கொண்டு.

உறுதிப்படுத்த ஒரு நிமிடச் சோதனை போதும். குளிர்ந்த கருவிக்கு மின்சாரம் கொடுத்து, ஆஸிலேட்டரின் கிரவுண்ட் ஊசிக்கும் கட்டுப்பாட்டு மின்னழுத்தம் புறப்படும் டிஜிட்டல்-அனலாக் மாற்றியின் கிரவுண்டுக்கும் இடையே மல்டிமீட்டரை மில்லிவோல்ட் அளவில் வையுங்கள். ஓவன் சூடாகும்போது ஒரு ஆம்பியர் அளவில் இழுக்கும். திரையில் பல மில்லிவோல்ட் தோன்றி, ஓவன் அடங்க அடங்கக் குறைந்துகொண்டே வந்தால் கம்பி பிடிபட்டது. பரிகாரம்: ஊசியின் அடியிலேயே இன்னொரு மெல்லிய கம்பியைப் பற்றவைத்து மாற்றியின் கிரவுண்டுக்குக் கொண்டுபோங்கள். ஓவன் மின்னோட்டம் அந்தக் கம்பி வழியாகப் போகவே கூடாது. தடித்த கம்பி போட்டு நீளத்தைக் குறைப்பது அரைப் பரிகாரம்.

அடுத்த சந்தேக நபர் ஆதார மின்னழுத்தம். 5 வோல்ட் ஆதாரச் சில்லு ஒரு டிகிரிக்குப் பத்து லட்சத்தில் பத்துப் பங்கு நகர்கிறது என்றால், நடுவில் 2.5 வோல்ட்டில் 25 மைக்ரோவோல்ட்; அதிர்வெண்ணில் 5×10⁻¹². இது ஒரு டிகிரிக்கு. படிகத்தின் 8×10⁻¹²-க்குப் பக்கத்தில் வந்து நிற்கிறது, பாருங்கள். பல ஓவன் ஆஸிலேட்டர்கள் தாமே ஓர் ஆதார மின்னழுத்தத்தை ஓர் ஊசியில் வெளியே தருகின்றன. அது இருந்தால் மாற்றிக்கு அதையே கொடுங்கள். இல்லையென்றால் ஆதாரச் சில்லையும் பிரிப்பு மின்தடைகளையும் ஆஸிலேட்டர் பொருத்திய தகட்டிலேயே ஒட்டிவையுங்கள். ரெகுலேட்டர் மட்டும் அந்தத் தகட்டை விட்டு வெளியேற வேண்டும். நிலையான சூடு தந்தால் பரவாயில்லை. அது தரும் சூடு சுமைக்கேற்ப மாறிக்கொண்டே இருக்கும்.

பெட்டி கட்டுவது

கம்பியையும் ஆதாரத்தையும் சரிசெய்த பிறகே பெட்டிக்கு வாருங்கள். பலர் முதல் நாளே தெர்மாகோலைத் தேடிப் போவார்கள்.

பெட்டிக்கு இரண்டு எண்கள் முக்கியம்: உள்ளே எவ்வளவு சூட்டைத் தேக்கிவைக்க முடியும், சுவர் வழியாக அது வெளியேறுவது எவ்வளவு கடினம். ஐந்து கிலோ அலுமினியத்தை ஒரு டிகிரி சூடாக்க 4,500 ஜூல் வேண்டும். சுவர்களின் வெப்பத் தடை வாட்டுக்கு இரண்டு டிகிரி என்றால், இரண்டையும் பெருக்க 9,000 வினாடி, அதாவது இரண்டரை மணி நேரம் கால மாறிலி. 900 வினாடி ஏசி அலையை இது அறுபதில் ஒரு பங்குக்கும் கீழே அமுக்கிவிடும்; ஒரு டிகிரி ஆட்டம் உள்ளே 0.016 டிகிரியாகிவிடும். பகல் இரவு அலையையோ ஆறில் ஒரு பங்குதான் குறைக்கும். அதைப் பற்றிக் கவலை வேண்டாம். மெதுவாக வருவதைப் பார்த்துக்கொள்ளச் செயற்கைக்கோள் இருக்கிறது. வேகமானதைக் கனம் தின்னட்டும், மெதுவானதை வளையம் தின்னட்டும்.

அலுமினியம் கிடைக்காவிட்டால் தண்ணீர் நிரப்பி மூடிய பாட்டில்களும் நடக்கும். ஒரு கிலோ தண்ணீர் ஒரு டிகிரிக்கு 4,186 ஜூல் தேக்கும், அலுமினியத்தைப் போல நான்கு மடங்குக்கும் மேல். மின்சாரக் கருவியோடு தண்ணீரை ஒரே பெட்டியில் வைக்க எனக்கு மனம் வரவில்லை, அவ்வளவுதான்.

சுவரைத் தடிமனாக்கிக்கொண்டே போகலாம் என்று ஆசை வரும். இங்கேதான் நிறுத்த வேண்டும். ஆஸிலேட்டர், ரிசீவர், மற்றதெல்லாம் சேர்ந்து ஐந்து வாட் உமிழ்கின்றன என்றால், வாட்டுக்கு இரண்டு டிகிரிப் பெட்டியில் உள்ளே அறையைவிடப் பத்து டிகிரி கூடுதல். 35 டிகிரி அறையிலும் 45, பாதகமில்லை. அதையே நுரையால் இறுக்கிச் சுற்றி வாட்டுக்கு எட்டு டிகிரியாக்கினால் கூடுதல் நாற்பது. அறை 35 ஆனால் உள்ளே 75. 80 டிகிரியில் நிற்க வேண்டிய ஓவனுக்குச் சூட்டை வெளியேற்ற இடமே இல்லை. ஹீட்டர் அணைந்துவிடும், கட்டுப்பாடு கைவிட்டுப் போய்விடும், படிகம் அறையோடு சேர்ந்து ஏறி இறங்கும். சாதாரண ஆஸிலேட்டராகவே விட்டிருந்தால்கூட நன்றாக இருந்திருக்கும்! என் விதி எளிது: கோடையின் உச்சத்திலும் ஓவன் மின்னோட்டம் 25 டிகிரியில் இருந்ததன் மூன்றில் ஒரு பங்குக்குக் கீழே போகக்கூடாது. மின்னோட்டத்தைப் பதிவு செய்யச் சொன்னது இதற்காகவும்தான்.

உள்ளே காற்று சுற்றவும் விடாதீர்கள். காலி இடங்களில் மென்மையான பஞ்சு அல்லது நுரைத் துண்டுகளைத் தளர்வாக நிரப்புங்கள். ஓவனின் தலைக்கு மேல் எழும் சூடான காற்று தானாக ஒரு சுழலை உண்டாக்கி, ஒழுங்கில்லாமல் ஆடிக்கொண்டிருக்கும். அந்த ஆட்டம் எந்தச் சுழற்சிக் காலத்துக்கும் கட்டுப்படாது.

ருபிடியம் அணுக் கடிகாரம் வைத்திருப்பவர்கள் மேலே சொன்னதை அப்படியே பின்பற்ற வேண்டாம். அது ஓவன் ஆஸிலேட்டருக்கு நேர் எதிர்: அடித்தகடு பெரிய உலோகத்தின் மேல் நன்றாக ஒட்டி, சூடு தாராளமாக வெளியேற வேண்டும். போர்த்திவைத்தால் ஆயுள் குறையும். அதற்கு, பெரிய உலோகத்தின் வெப்பநிலையை மின்விசிறியின் வேகத்தால் கட்டுப்படுத்துவதே சரியான வழி.

வளையத்தை இறுக்குவதும் தளர்த்துவதும்

கால மாறிலியை எவ்வளவு நீட்டலாம் என்பதை வெப்பநிலைதான் தீர்மானிக்கிறது. அதிர்வெண் சீராகச் சரிந்துகொண்டிருந்தால், இரண்டாம் படி வளையத்தில் நிலைத்து நிற்கும் நேரப் பிழை ஏறக்குறைய அந்தச் சரிவை கால மாறிலியின் வர்க்கத்தால் பெருக்கியது. ஒரு டிகிரிக்கு 10⁻¹¹, மணிக்கு ஒரு டிகிரி என்று வைத்தால் சரிவு வினாடிக்கு 2.8×10⁻¹⁵. கால மாறிலி 100 வினாடி என்றால் பிழை 0.03 நானோவினாடி, கண்ணுக்கே தெரியாது. 1,000 என்றால் 3 நானோவினாடி. 3,000 என்றால் 25. 5,000 என்றால் 70. துடிப்பின் தள்ளாட்டம் பத்து நானோவினாடி அளவில் இருக்கும்போது 70 நானோவினாடிப் பிழையை வரவேற்பதில் பொருளில்லை.

ஆகவே பெட்டி இல்லாத கருவியில் நீண்ட கால மாறிலி வைத்து, வரைபடம் வழவழப்பாக இருக்கிறது என்று மகிழ்வது கண்ணை மூடிக்கொள்வதற்குச் சமம். முதலில் சரிவைக் குறையுங்கள், பிறகு கால மாறிலியைப் படிப்படியாக நீட்டுங்கள், ஒவ்வொரு படியிலும் நேர வித்தியாசக் கோட்டைப் பாருங்கள். தகட்டு வெப்பநிலையின் சரிவைப் பின்பற்றி அந்தக் கோடு ஒரு பக்கம் சாயத் தொடங்கினால் ஒரு படி பின்வாங்குங்கள்.

ரிசீவரின் பக்கம்

ஆண்டெனாக் கேபிளைப் பற்றிக் கேட்பவர்கள் அதிகம். சொல்ல வேண்டியது குறைவு. சாதாரண கேபிளில் மீட்டருக்கு ஐந்து நானோவினாடி, 30 மீட்டருக்கு 150. டிகிரிக்குப் பத்து லட்சத்தில் ஐம்பது பங்கு மாறினாலும், முப்பது டிகிரி வித்தியாசத்தில் 0.2 நானோவினாடிதான். டெஃப்லான் கேபிள் 19 டிகிரிக்கு அருகே சிறிது முரண்டு பிடிக்கும். நம் வேலைக்கு அதுவும் பொருட்டில்லை.

ரிசீவருக்குள் இருக்கும் சிறிய ஆஸிலேட்டர் கவனிக்க வேண்டியது. அது பத்து லட்சத்தில் ஒரு பங்கு நகர்ந்தால் 1575.42 மெகாஹெர்ட்ஸில் 1,575 ஹெர்ட்ஸ் நகர்ந்ததாகும். மெதுவான நகர்வை ரிசீவர் ஒவ்வொரு வினாடியும் கணக்கிட்டுக் கழித்துவிடும். மின்விசிறிக் காற்று நேராகப் பட்டால் திடீர்த் தாவல்கள் வரும். பலவீனமான செயற்கைக்கோள்கள் கைநழுவும். அதன் மேல் ஒரு சிறிய மூடியைக் கவிழ்த்துவிட்டால் போதும்.

இன்னொரு விசித்திரம், இந்தத் துறையில் அதைத் தொங்கு பாலம் என்ற பொருளில் ஒரு பெயரால் அழைக்கிறார்கள். 48 மெகாஹெர்ட்ஸ் கடிகாரம் உள்ள ரிசீவரால் துடிப்பை 21 நானோவினாடிப் படிகளில்தான் வைக்க முடியும். மீதி, ரம்பப் பல் போல ஏறி இறங்கும், சராசரியில் கழிந்துவிடும். ஆனால் அந்தச் சிறிய ஆஸிலேட்டரின் அதிர்வெண் தற்செயலாகச் சரியான முழு எண்ணுக்கு அருகே வந்து நின்றால், பல் ஏறவும் மாட்டாது, இறங்கவும் மாட்டாது. பத்து நானோவினாடி ஒரு பக்கமாகவே பல நிமிடம் தொங்கும். வளையம் அதை உண்மை என்று நம்பிப் பின்தொடரும். வேடிக்கை என்னவென்றால், ரிசீவரின் வெப்பநிலை எவ்வளவு அசையாமல் இருக்கிறதோ அவ்வளவு நேரம் பாலம் தொங்கும். கனமான பெட்டிக்குள் ரிசீவரையும் சேர்த்து வைத்தால் இந்தத் தொல்லை கூடும். நான் ரிசீவரைப் பெட்டிக்கு வெளியே வைக்கிறேன். ஒவ்வொரு துடிப்போடும் அதன் படிப் பிழையைச் செய்தியாக அனுப்பும் ரிசீவர் இருந்தால் மென்பொருளிலேயே கழித்துவிடலாம். அதுவே நல்ல தீர்வு, அப்போது ரிசீவர் எங்கே இருந்தாலும் சரி.

செயற்கைக்கோள் இல்லாதபோது

எல்லாம் முடிந்த பிறகு ஒரு நாள் பூட்டைக் கழற்றிச் சோதியுங்கள். ஆண்டெனாவைப் பிடுங்க வேண்டாம். கட்டுப்பாட்டு மின்னழுத்தத்தை மென்பொருளில் உறையவைத்துவிட்டு, ரிசீவரை நேர வித்தியாசத்தை அளக்க மட்டும் விடுங்கள். 24 மணி நேரக் கோட்டில் நேரான சாய்வு தெரிந்தால் உறையவைத்த கணத்தில் மின்னழுத்தம் சரியான இடத்தில் இல்லை. சராசரி எடுத்து உறையவையுங்கள். ஒரே பக்கம் வளையும் பரவளைவு என்றால் மூப்பு. அதன் மேல் ஏறி இறங்கும் அலை வெப்பநிலையினுடையது. டிகிரிக்கு 8×10⁻¹² உள்ள ஆஸிலேட்டர் ஐந்து டிகிரி விலகியே ஒரு நாள் நின்றால் 3.5 மைக்ரோவினாடி போகும். கைபேசி வலையமைப்புகளில் நேரத்தைப் பகிர்ந்து இயங்கும் முறைகள் 1.5 மைக்ரோவினாடிக்குள் இருக்கச் சொல்கின்றன, ஒப்பிட்டுக்கொள்ளுங்கள்.

பெட்டியில் ஒட்டிவைத்த அந்த டிகிரிக் குணத்தை இப்போது பயன்படுத்தலாம். பூட்டு இல்லாத நேரத்தில் தகட்டு வெப்பநிலையைத் தாமதக் கணக்கோடு படித்து, கட்டுப்பாட்டு மின்னழுத்தத்தை டிகிரிக்கு 40 மைக்ரோவோல்ட் வீதம் மென்பொருளே திருத்தட்டும். சோதனையை இன்னொரு முறை ஓட்டி அலை சுருங்கியதா என்று பாருங்கள். பெரிதானால் குறியை மாற்றிப் போட்டிருக்கிறீர்கள். மூப்பால் அந்தக் குணமும் மெல்ல மாறும் என்பதால், பருவம் மாறும்போதெல்லாம் பதிவிலிருந்து புதிதாகப் பொருத்தி எடுங்கள். சோதனை முடிந்து மீண்டும் பூட்டும்போது அலையின் கட்டத்தைத் தாவவிடாமல் மெதுவாக இழுத்து வரும்படி அமையுங்கள். பத்து மெகாஹெர்ட்ஸை நம்பி ஓடும் மற்ற கருவிகள் தாவலைப் பொறுக்காது.